உப்பு மேல் படுத்த கல்வித் தந்தை

மே மாத மத்தியானத்தில் மரக்காணம் உப்பளத்துக்குத் தரை என்று தனியாக ஒன்று கிடையாது. பாத்திகளில் தேங்கிய மெல்லிய தண்ணீரில் வானம் இறங்கிப் படுத்துக்கொள்ளும். தூரத்துச் சாலையில் லாரிகள் மேகத்துக்குள் நீந்திப் போகும். உப்பு வாரும் பெண்கள் வானத்தைத்தான் பலகையால் இழுத்து இழுத்துக் கரையில் அம்பாரமாகக் குவிக்கிறார்களோ என்று தோன்றும். குவித்ததன் மேல் மழைக்குக் காப்பாக ஒரு பேனரைப் போட்டு மூடுவார்கள்.

பேனர் என்றால், ஊரில் வேலை முடிந்த எல்லா பேனரும். மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி, வெளியே ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் இரண்டு கட்சித் தலைவர்கள். கடைசியில் எல்லோரும் இங்கே வந்து, ஒரே உப்பின் மேல் சண்டை சச்சரவில்லாமல் படுத்திருப்பார்கள். குப்புறத்தான். வெள்ளைப் பக்கம் மேலே இருந்தால் வெயில் தாங்கும் என்பது அளத்து வழக்கம்.

வைஜெயந்தி மட்டும் ஒருவரை மல்லாக்கப் போட்டிருந்தாள். புதுச்சேரியில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் 'கல்வித் தந்தை' ஆதிமூலம். புருஷன் செத்ததிலிருந்து அவள் மகள் யுவராணியைப் படிக்க வைக்கிறவர். வருஷா வருஷம் ஒரு விழா, விழாவுக்கு ஒரு பேனர். அதில் அவர் முகம் வண்டிச் சக்கரம் அளவுக்கு, யுவராணியின் முகம் பொட்டு அளவுக்கு. விழா முடிந்ததும் வைஜெயந்தி பேனரை அவிழ்த்து மடித்து எடுத்து வந்துவிடுவாள். படிக்க வைக்கிற மனுஷனை உப்பில் குப்புறத் தள்ள அவளுக்கு மனசு வரவில்லை.

இந்த வருஷம் விழா பற்றிப் பேச்சே இல்லை. பத்தாவது முடித்த யுவராணிக்கு பிளஸ் ஒன் உண்டா, அத்தோடு நிறுத்தமா என்பதை நேரில் வந்து பார்த்துச் சொல்வதாகச் சொல்லியிருந்தார் ஆதிமூலம். வந்தும் விட்டார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அந்த வெண்மைக்குள் ஆளே தெரியவில்லை. மீசை மட்டும் வரப்பின் மேல் மிதந்து வந்தது.

முன்னால் வந்த அவருடைய அறக்கட்டளை மேனேஜர் சித்தார்த்தன் அம்பாரத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டான். பேனர் பறக்காமலிருக்கப் பாரமாக, கல்வித் தந்தையின் நெற்றியில் ஒரு சேற்றுக்கட்டி, கன்னத்தில் ஒன்று. மூக்கில் ஒரு காக்கா.

"இன்னாம்மா இது!" என்றான், உதடு அசையாமல். "அவரு பாத்தாருன்னா அவ்ளோதான். உம் பொண்ணு நாளைக்கே பலகையத் தூக்கினு இங்க வர வேண்டியதுதான்."

"மரியாதயாத்தான சார் போட்டிருக்கேன்?" என்றாள் வைஜெயந்தி. "மத்தவங்கள பாருங்க, எல்லாம் குப்புறக் கெடக்குறாங்க."

அதற்குள் ஆதிமூலம் வந்து சேர்ந்தார். பேனரை உற்றுப் பார்த்தார்.

"யாருப்பா இவரு? நல்ல கலரா கீறாரு. சினிமாக்காரரா?"

பேனர் கடைக்காரன் அவர் வயசில் இருபதைக் கழித்து, கன்னத்தில் ரோஸ் பூசியிருந்தான். சித்தார்த்தனுக்கு உயிர் திரும்பியது. "ஆமாங்கய்யா, சினிமாக்காரருதான்."

"நீங்கதாங்க அய்யா அது" என்றாள், அம்மாவுக்குப் பக்கத்தில் நின்ற யுவராணி.

அவர் கொடுத்த படிப்பு வீண் போகவில்லை என்பதா, அந்த ஒரு நொடியில் வீணாய்ப் போனது என்பதா? காக்கா கூடப் பறந்துவிட்டது. ஆதிமூலத்தின் மீசை மெல்ல ஏறியது.

அப்போதுதான் கடல் பக்கமிருந்து காற்று வந்தது, பின்னாலேயே மழை. சேற்றுக்கட்டிகள் உருண்டன. கல்வித் தந்தையின் ஒரு காது எழுந்து படபடவென்று அடித்துக்கொண்டது. தாய் ஒரு முனையைப் பிடித்தாள், மகள் இன்னொன்றை. சித்தார்த்தன் குடை எடுக்கக் காருக்கு ஓடினான்.

"அய்யா, உக்காருங்க!" என்று கத்தினாள் வைஜெயந்தி. "மேல ஏறி உக்காருங்க! உப்பு கரைஞ்சா நாளைக்கு வேலயே இல்ல!"

அவரை யாரும் அந்தக் குரலில் உட்காரச் சொன்னதில்லை. மேடை, சால்வை, நாற்காலி என்றுதான் வரிசை. உட்கார்ந்தார். தன் மூக்கின் மேலேயே.

மழையில் எல்லாம் கரைந்து போயிற்று. சாலை இல்லை, கார் இல்லை, பனைமரங்கள் இல்லை. மேலும் கீழும் தண்ணீர், நடுவில் ஓர் உப்புமலை, அதன் மேல் மூன்று பேர். மலை மெதுவாக நகர்வது போல இருந்தது. அவருக்கடியில் உப்பு இளஞ்சூடாக, தூங்கும் மாடு போல மூச்சு விட்டது. இறங்க அவருக்கு மனமே இல்லை.

மழை விட்டும் இறங்காமல், பேனரின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

"ஓரத்துல வளையம் அடிச்சுக் குடுத்தா, கயிறு கோத்துக் கட்டலாமில்ல?"

"கட்டலாங்க அய்யா. கடையில அதான் வச்சுத் தர மாட்டேன்றாங்க."

குடையோடு அப்போதுதான் வந்து சேர்ந்த மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஏம்பா சித்தார்த்தா, இந்த வருஷம் வளையம் வச்சு, பெருசா அடிக்கச் சொல்லு. பொண்ணு பேரு பக்கத்துல பிளஸ் ஒன்னுன்னு போடணும், மறந்துடாத."

யுவராணி பேனரின் முனையை இன்னும் விடாமல் பிடித்திருந்தாள். "நெசமாவாங்க அய்யா?"

"பின்ன?" என்று இறங்கினார். "ஆனா என்னியும் குப்புறவே போடு வைஜெயந்தி. மூஞ்சில காக்கா குந்துது."

வரப்பின் மேல் அவர் திரும்பி நடந்தபோது மீசை தெரியவில்லை. வெயிலில் பொரிந்திருந்த பேனர் சாயம் ஈர வேட்டியின் பின்புறம் ஒட்டிக்கொண்டு, ரோஸ் நிறத்தில் பாதிப் புன்னகை ஒன்று அசைந்து அசைந்து வானத்துக்குள் போயிற்று.