ஊருக்குப் போயிருக்கிறோம்

சமையலறையில் தக்காளி நறுக்கிக்கொண்டிருந்தபோதுதான் பேங்க்கிலிருந்து போன். எங்கள் வீட்டில் யாரும் குடியில்லை என்று ஃபைலில் எழுதியிருக்கிறதாம். நடுவீட்டில் கத்தியும் கையுமாக நிற்கிறவளிடம், நீ அங்கே இல்லை என்று ஒருத்தி சொன்னால்? எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம்தான் கத்தியைக் கீழே வைத்தேன்.

என் வீட்டுக்காரர் சேனாபதிக்குப் பொங்கல் கழிந்ததுமே வேலை போய்விட்டது. டெக்சாஸில் நாங்கள் இருக்கிற ரவுண்ட் ராக்கில் லேஆஃப் என்று ஆளைக் குறைப்பது ஒன்றும் அதிசயமில்லை. இவருக்கு மட்டும் அது குலத்துக்கே வந்த இழுக்கு. வீட்டுத் தவணை நின்றது. ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்ற அரசாங்க ஆதரவில் ஒரு திட்டம் இருந்தது. பழைய கடனை மாற்றி, எங்களால் கட்ட முடிகிற தவணையில் புதிதாக எழுதித் தருவார்கள். ஒன்றில் மட்டும் கறார்: அந்த வீட்டிலேயே நாங்கள் குடியிருக்க வேண்டும். பேங்க்கிலிருந்து ஓர் ஆள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டுப் போவான்.

நாங்களோ ஊரிலேயே இல்லை. அப்படித்தான் எல்லோரிடமும் இவர் சொல்லி வைத்திருந்தார். பர்த்டே, ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற பாட்லக், கிரகப்பிரவேசம் என்று வாரம் தவறாமல் யாராவது கூப்பிடுவார்கள். போனால் 'ஆபீஸ் எப்படிப் போகுது' என்று கேட்பார்கள். ஸ்கூல் லீவு விட்டதும், 'அப்பாவுக்கு ஒடம்பு சரியில்ல, ஈரோடு போறோம்' என்று இங்குள்ள தமிழர்களின் வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். மாமனார் அங்கே குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். அன்றிலிருந்து கார் கராஜுக்குள்ளேயே. ஜன்னலெல்லாம் மூடல். பெல் அடித்தால் மூவரும் மூச்சுவிடாமல் நிற்போம். "அம்மா, திஸ் இஸ் சோ வியர்ட்" என்பாள் மகள் வெண்பா.

பார்க்க வந்த ஆளும் பெல் அடித்திருக்கிறான். யாரும் திறக்கவில்லை. எதிர்வீட்டில் விசாரித்தானாம். இந்தியா போயிருக்கிறார்கள் என்று அங்கே சொன்னார்களாம். எதிர்வீடு சாரதா ஆன்ட்டி.

இவரிடம் சொன்னேன். சோபாவில் இடிந்துபோய் உட்கார்ந்தார்.

"நேத்துதான் வந்தோம்னு ஆன்ட்டிகிட்டச் சொல்லீரு, நாகு."

வீடே போகப்போகிறது, மனுஷன் இன்னொரு பொய்க்கு டிக்கெட் போடுகிறார். நன்றாகக் கொடுக்க வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் என்னால் முடியவில்லை. இத்தனை வீம்பும் எங்கள் இரண்டு பேருக்காகத்தானே என்று ஒரேயடியாகப் பாசம் பொங்கிவிட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன்.

ஆன்ட்டி கதவைத் திறந்தார்.

"நாங்க ஊருக்குப் போகவே இல்லைங்க ஆன்ட்டி."

"தெரியுமே. ஊருக்குப் போனவங்க வீட்டுக் குப்பைத்தொட்டி வாராவாரம் தானா நடந்து வெளிய வருமா?"

"அப்புறம் ஏனுங்க அந்த ஆளுகிட்ட..."

"கடன்காரன்னு நெனச்சேம்மா. இல்லேன்னு சொல்லணும்னு நீங்க நெனைக்கறீங்க. நான் காட்டிக் குடுப்பேனா?"

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஆன்ட்டி ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. மறுபடி எப்போது வருகிறான் என்று மட்டும் கேட்டார். நான் பேங்க்குக்கு போன் போட்டுக் கெஞ்சியதில், சனிக்கிழமை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை அந்த ஆளின் கார் வந்து நின்றது. தெருவில் சுந்தரராமன் வாக்கிங் போய்க்கொண்டிருந்தார். 'அப்பாவைப் பத்திரமாப் பாத்துக்கோங்க' என்று குழுவில் முதலில் போட்ட புண்ணியவான். அந்த ஆள் எங்கள் பெல்லைத் தொடவில்லை, அதற்குள் ஆன்ட்டி எதிர்வாசலில் நின்று தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"தே ஆர் ஹியர்! தே நெவர் வென்ட் எனிவேர்!"

சுந்தரராமன் அப்படியே நின்றுவிட்டார். என் வீட்டுக்காரர் பின்வாசல் பக்கம் ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். இல்லை. கதவைத் திறந்துகொண்டு, கட்டிய லுங்கியோடு வெளியே போனார். வெயிலில் காய்ந்த சிமெண்டில் வெறுங்காலை மாற்றி மாற்றி வைத்தபடி, அந்த ஆளுக்கும் சுந்தரராமனுக்கும் ஆன்ட்டிக்குமாகச் சேர்த்து ஒரு கையைத் தூக்கினார்.