லேப்டாப்பின் நெற்றிப் பொட்டு

உடையார்பாளையத்து ஜெகதாம்பாளின் மூத்த மகன் அறிவுச்செல்வன் வாயைத் திறந்தால் கம்ப்யூட்டர்தான். அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் வேலை. ஷிப்ட் முழுக்கத் திரைகளையே பார்த்துச் சூளையின் சூட்டைக் காவல் காக்கிற மனிதர், வீட்டுக்கு வந்ததும் கண்ணை மூடிப் படுக்க வேண்டாமா? மாட்டார். தினமும் காலையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், "உறவுகளுக்கு வணக்கம், இன்றைய டிப்ஸ்" என்று அவருடைய குரல் பதிவு ஒன்று வந்து விழும்.

தவறி மூடிய பக்கத்தைத் திரும்பக் கொண்டுவருவது எப்படி. கீபோர்டில் எஃப், ஜே இரண்டு எழுத்தின் மேல் மட்டும் சின்ன மேடு ஏன் இருக்கிறது. பார்க்காமலே விரல் தன் இடத்தைக் கண்டுபிடிக்கத்தானாம். இதையெல்லாம் அவரிடம் யார் கேட்டார்கள்? ஒருவரும் கேட்கவில்லை. குழுவில் இருந்த அத்தனை சொந்தக்காரர்களும் அதை மியூட் செய்து வைத்திருந்தார்கள். அவருக்கும் அது தெரியும். "ஊதுற சங்கை ஊதி வைப்போம், விடியறப்ப விடியட்டும்" என்று சிரித்துக்கொள்வார்.

இளைய மருமகள் பூவிழியும் மியூட்தான். மூத்தார் மேல் மரியாதை இல்லாமல் இல்லை. ஆனால் காலையில் பிள்ளைக்குத் தலை பின்னுகிற நேரத்தில் எஃப் மேட்டையும் ஜே மேட்டையும் தடவிப் பார்க்க யாருக்கு முடியும்?

அந்தக் குரலை விடாமல் கேட்ட ஒரே ஜீவன் ஜெகதாம்பாள்தான். எழுத்தில் வந்தால் கண்ணாடி தேட வேண்டும் என்று தொடமாட்டாள். குரலில் வந்தால் கீரை ஆய்ந்துகொண்டே முழுசாகக் கேட்பாள். "அத்தை, ஒங்களுக்கு இதெல்லாம் புரியுதா?" என்று பூவிழி ஒருமுறை கேட்டாள்.

"புரிஞ்சா என்ன, புரியாட்டி என்ன? புள்ள நல்லா இருக்கானா, சளி கிளி புடிச்சிருக்கானான்னு கொரல்லயே தெரிஞ்சுடும்ல."

பூவிழி முன்பு பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டாள். பிறகு எங்கு விண்ணப்பித்தாலும் இடைவெளியைக் காட்டித் தட்டிக் கழித்தார்கள். கடைசியாக, வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் கணக்குச் சொல்லித்தரும் ஒரு நிறுவனம் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. லேப்டாப் திரையில் எழுதிக் காட்டி ஒரு பாடம் நடத்த வேண்டும். குறித்துக் கொடுத்த நேரத்தில் வராதவர்களுக்கு மறு வாய்ப்பு கிடையாது என்று மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தார்கள். நேரம் காலை பத்தரை. நாள் விஜயதசமி. அவர்கள் ஊரில் அது வெறும் வேலை நாள்.

"நல்ல நாள்லதான் கூப்புட்டிருக்கான், கெடைச்சுடும் பாரு" என்றாள் ஜெகதாம்பாள். அந்த ஒரு சொல்லுக்காகவே பூவிழி மாமியாரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டாள். வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்கிற மருமகளுக்காகச் சாமியிடம் வேண்டுகிற மாமியார் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ஆயுதபூஜையன்று அரிவாள், மண்வெட்டி, தையல் மெஷின், பூவிழியின் கணவன் பிரசாத்தின் பைக் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் ஆயிற்று. லேப்டாப்பையும் புத்தகம் மாதிரி விரித்து சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்தார்கள். பூவிழி கொழுக்கட்டைக்கு அடுப்படியில் இருந்தாள். பொட்டு வைத்தது ஜெகதாம்பாள். பூஜைக்கு வைத்ததை மறுநாள் மறுபூஜை முடியும்வரை யாரும் தொடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். பூவிழி அதற்கு முந்தைய நாளே எல்லாவற்றையும் சோதித்து வைத்துவிட்டதால் கவலைப்படவில்லை.

விஜயதசமி காலையில் பிரசாத் மகளை நெல்லில் எழுத வைக்கக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனான். மறுபூஜை முடிந்தது. "இன்னிக்கும் பெரியவன் கொரலைக் காணோமே" என்று ஜெகதாம்பாள் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு பூவிழி நல்ல புடவை கட்டி, லேப்டாப்பைத் தூக்கிவந்து மேசையில் வைத்தாள்.

திரையின் மேல் விளிம்பில், நட்ட நடுவில், காய்ந்து வெடித்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும் அம்சமாக இருந்தன. நெற்றி இருக்கிற இடத்தில்தானே பொட்டு வைப்பார்கள்? லேப்டாப்புக்கு நெற்றி அதுதான். ஆனால் அது நெற்றி இல்லை, கண். கேமராவும் அதன் இரண்டு பக்கமும் மைக் துளைகளும் அங்கேதான் இருக்கின்றன.

பதறிப்போய் ஈரத்துணியால் துடைத்தாள். சந்தனம் கரைந்து விளிம்புக்குள் இறங்கியது. கேமராவைப் போட்டால் மார்கழிப் பனிக்குள் யாரோ நிற்பது போலத் தெரிந்தாள். பேசிப் பார்த்தால் குரல் குடத்துக்குள்ளிருந்து வந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

"அத்தை, இங்கயா பொட்டு வெச்சீங்க?"

ஜெகதாம்பாள் எட்டிப் பார்த்தாள். மருமகளின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "நெத்தின்னு நெனச்சுல்ல புள்ள வெச்சேன். ஒனக்கு வேலை கெடைக்கணும்னு வேண்டிக்கிட்டு, மத்ததுக்கெல்லாம் வெச்சதவிடப் பெரிசாவே வெச்சேன்."

கத்திவிடலாம் போலத்தான் பூவிழிக்கு வந்தது. வேண்டிக்கொண்டு வைத்த பொட்டைப் பார்த்து எப்படிக் கத்துவது? அறிவுச்செல்வனுக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஷிப்டில் இருந்தால் போன் வாசலிலேயே லாக்கருக்குப் போய்விடும். பிரசாத்தைக் கூப்பிட்டால் நாதஸ்வரச் சத்தம்தான் கேட்டது. போனிலேயே நேர்காணலில் நுழையலாம், முகமும் குரலும் பளிச்சென்று வரும். ஆனால் பாடம் எழுத வேண்டிய பலகை லேப்டாப்பில் இருந்தது. ஒன்றில் முகம் இல்லை, மற்றதில் பலகை இல்லை. பூவிழி நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

ஜெகதாம்பாள் போனையும் லேப்டாப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, "ஏம் புள்ள, ரெண்டுலயும் போனா என்ன?" என்றாள்.

"என்ன சொல்றீங்க?"

"பெரியவன் ஒருநாள் சொன்னானே. ஒரே மீட்டிங்குல ஒரே ஆளு ரெண்டு மெஷின்ல நுழையலாமாம். ஒண்ணுல மூஞ்சி, இன்னொண்ணுல எழுத்து. ஆனா ஒண்ணோட வாயையும் காதையும் பொத்திடணுமாம். இல்லாட்டி ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பாத்து நாய் மாதிரி ஊளையிடுமாம். நாய் மாதிரி ஊளையிட்டே காட்டினான், அதான் நெனவுல நிக்குது."

பூவிழி கண்ணைத் துடைத்தாள். போனில் மின்னஞ்சலைத் திறந்து அதே இணைப்பைத் தொட்டாள். போன் நிற்க இடமில்லாமல் சரிந்தது. ஜெகதாம்பாள் ஓடிப்போய்ப் பொரி டப்பாவைக் கொண்டுவந்து அண்டக் கொடுத்தாள். பூவிழி லேப்டாப்பிலும் நுழைந்தாள். நுழைந்த மறுநொடி இரண்டும் சேர்ந்து வீடு அதிர ஊளையிட்டன.

"பொத்து! வாயையும் காதையும் பொத்து!"

பூவிழி லேப்டாப்பின் மைக்கையும் ஸ்பீக்கரையும் அணைத்தாள். அமைதி. போன் திரையில் பூவிழியின் முகம் தெளிவாகத் தெரிந்தது. லேப்டாப்பில் வெள்ளைப் பலகை விரிந்தது. ஜெகதாம்பாள் கதவோரம் போய் உட்கார்ந்து, இருமல் வந்துவிடக்கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எதிரே ஓர் அம்மாளும் ஓர் இளைஞரும் வந்தார்கள். "இரண்டு இடத்தில் உங்கள் பெயர் தெரிகிறதே?" என்று அந்த அம்மாள் கேட்டாள்.

"என் லேப்டாப் கேமராவில் சந்தனம் போயிடுச்சு மேடம். நேத்து ஆயுதபூஜை. வீட்டுல நெத்தின்னு நெனச்சுப் பொட்டு வெச்சுட்டாங்க. அதனால போன்ல நானு, லேப்டாப்ல பலகை."

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அதோடு பூவிழியின் பயமும் போயிற்று. ஒரு தோசையை வரைந்து, நான்கு பேருக்குப் பிய்த்துக் கொடுத்து, அரையும் காலும் முக்காலும் சொல்லித்தந்தாள். பெரம்பலூர் வகுப்பறையில் விட்டுவந்த குரல் தானாகத் திரும்பி வந்தது. முடிவில் அந்த அம்மாள், "திங்கட்கிழமையிலிருந்து வகுப்பு எடுக்க முடியுமா? ஏதாவது பழுதானால் பதறாமல் வழி கண்டுபிடிக்கிற ஆசிரியர்தான் எங்களுக்கு வேண்டும்" என்றாள்.

பதறாமலாம்! கதவோரம் ஜெகதாம்பாள் முந்தானைக்குள்ளேயே சிரித்தாள். நேர்காணல் முடிந்ததும் பூவிழி அவள் காலில் விழப் போனாள். ஜெகதாம்பாள் பிடித்து நிறுத்தினாள். "எங்கால்ல ஏன் விழற? கெடுத்ததே நான். நன்றி சொல்லணும்னா அவனுக்குச் சொல்லு."

சொல்வதற்காகப் பூவிழி குடும்பக் குழுவைத் திறந்தாள். எத்தனையோ மாதம் கழித்து அதற்குள் போகிறாள். கடைசியாக அறிவுச்செல்வன் போட்டிருந்தது குரல் பதிவு இல்லை. ஆயுதபூஜைக்கு முந்தைய நாள் எழுத்தில் வந்திருந்தது.

"உறவுகளுக்கு வணக்கம். யாருக்கும் பயன்படாததை அனுப்பி இத்தனை நாள் தொந்தரவு கொடுத்துவிட்டேன். இன்றோடு டிப்ஸ் நிறுத்தப்படுகிறது. பொறுத்துக்கொண்டதற்கு நன்றி."

அதற்குக் கீழே ஒரே ஒரு பதில். கட்டைவிரலை உயர்த்திய படம். போட்டது பிரசாத், அவருடைய சொந்தத் தம்பி, பூவிழியின் வீட்டுக்காரன்.

பூவிழி மாமியாரிடம் அதைப் படித்துக் காட்டினாள். குரல் வராத காரணம் ஜெகதாம்பாளுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவள் கேட்டுக்கொண்டிருந்ததும் மகனுக்குத் தெரியாது, ஏனென்றால் ஒருநாளும் அவள் பதில் போட்டதில்லை. பதில் போடத் தெரியாது.

பூவிழி மைக் படத்தை அழுத்திப் பிடித்தாள்.

"மாமா, நான் பூவிழி பேசறேங்க. எனக்கு வேலை கெடைச்சுடுச்சு. அத்தை நெத்தின்னு நெனச்சு லேப்டாப் கேமரா மேலயே பொட்டு வெச்சுட்டாங்க, நீங்க குடுத்த ரெண்டு மெஷின் டிப்ஸாலதான் கெடைச்சுது. நான் கேக்கல மாமா, அத்தைதான் கேட்டாங்க. ஒண்ணு விடாம எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. ஒங்களுக்கு ரொம்ப நன்றிங்க. நாளைக்கு டிப்ஸ் வரலன்னா நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறி அரியலூருக்கே வந்துடுவோம்."

ஷிப்ட் முடிந்து சாயங்காலம் அவர் போனை எடுத்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது, நின்றது. கடைசியில் ஒரு குரல் பதிவு வந்தது. ஜெகதாம்பாள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். முதலில் ஆலை பஸ்ஸின் இரைச்சல் மட்டும் கேட்டது. அப்புறம் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம்.

"உறவுகளுக்கு வணக்கம். இன்றைய டிப்ஸ்." குரல் உடைந்தது. திரும்பச் செருமினார். "கம்ப்யூட்டருக்கு நெத்தி எது, கண்ணு எதுன்னு சொல்றேன். அம்மா, நல்லா கேட்டுக்கம்மா. பொட்ட மூடியோட முதுகுல வெக்கணும்."

"சளி புடிச்ச மாதிரி இருக்கே கொரலு" என்றான் பிரசாத்.

"சளி இல்லடா" என்றாள் ஜெகதாம்பாள். பிறகு அதே பதிவை இன்னொரு தடவை போடச் சொன்னாள்.