சீட் கிடைத்த பிறகும் கவுன்சிலிங்

வீட்டில் அவளுக்குப் பெயரே வக்கீல்தான். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் பாஷையை முதலில் பிடித்துக்கொண்டவள் அவள். அன்றிலிருந்து வாடகை வீட்டு ஓனர், டாக்டர், தம்பியின் டீச்சர் என்று யாரிடம் பேச வேண்டுமானாலும் அம்மா அவளைத்தான் முன்னால் தள்ளுவாள். "வக்கீல் வந்தாச்சு" என்று அப்பா நைசாக ஒதுங்கிக்கொள்வார்.

அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளும் அவள்தான். போன முதல் செமஸ்டரிலேயே வக்கீலுக்கு வாயடைத்துப்போனது. உயிரியல் வகுப்பில் எழுந்து பேச வேண்டிய நாளில் தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று வெளியே வந்தவள், அந்த வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நூலகத்தின் மூலையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து வரும் போனுக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஹாஸ்டல் அறைத்தோழிதான் விடாப்பிடியாகக் கல்லூரிக் கவுன்சிலரிடம் நேரம் வாங்கிக் கொடுத்தாள். விஷயத்தைக் கேட்டு அம்மா குழம்பிப்போனாள்.

"சீட்டுதான் கெடச்சாச்சே, இன்னும் எதுக்குடி கவுன்சிலிங்?"

"இது சீட்டுக்கு இல்லம்மா, மனசுக்கு."

"மனசுக்கு என்ன? ஒழுங்கா சாப்பிடுறியா இல்லையா?"

கவுன்சிலர் அம்மாவின் வயதை ஒத்த பெண்மணி. அவருடைய பெற்றோரும் வேறொரு தேசத்திலிருந்து வந்தவர்கள். "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்டார்.

"அப்பாவுக்குக் கண்ணு மங்கலா தெரியுது. அம்மாவுக்கு ஷிப்ட் மாத்திட்டாங்க. தம்பி கணக்குல..."

"வீட்ல எல்லாரும் சௌக்கியமான்னு நான் கேக்கலையே. நீ எப்படி இருக்கே?"

அவள் வாயைத் திறந்தாள். அழுகைதான் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைத் தப்பா உள்ள விட்டுட்டாங்க மேடம். இது எனக்கான இடமே இல்ல."

"இந்த நாற்காலியில உக்கார்ற பாதிப் பேரு இதத்தான் சொல்றாங்க. அத்தனை பேரையும் தப்பா உள்ள விடற அளவுக்கு இந்தக் காலேஜுக்குச் சாமர்த்தியம் போதாது."

மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்துவிட்டாள்.

அதன்பின் வாராவாரம் போனாள். தன்னைப்போன்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசும் புதன்கிழமைக் கூட்டத்திலும் சேர்ந்தாள். அந்த மதியம் மட்டும் போனை அணைத்துவைத்தால் என்ன என்று கவுன்சிலர் கேட்டார். வீட்டில் சொல்வதற்குள் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது.

"அப்ப யாரு பேசறது?" என்றார் அப்பா.

"நீங்கதான்ப்பா."

முதல் புதன்கிழமையே அப்பாவுக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை. மதியம் முழுக்க அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. கூட்டம் முடிந்து போனைத் திறந்தால் ஒரு படம் வந்திருந்தது. செக்கச்செவேலென்ற பிரேம் போட்ட கண்ணாடியில் அப்பா, பக்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மா. உடனே கூப்பிட்டாள்.

"என்னப்பா, இவ்வளவு செவப்பு?"

"அந்தக் கடைக்காரப் பொண்ணு என்னமோ கேட்டுச்சு, ஆமான்னேன். இன்னொண்ணு கேட்டுச்சு, அதுக்கும் ஆமான்னேன்."

"புளுகாதீங்க!" பின்னாலிருந்து அம்மா. "அவரே ஆசப்பட்டு எடுத்தாருடி. கறுப்பைக் காட்டினா என்னை மொறைக்கிறாரு!"

"எழுத்தெல்லாம் நானே படிச்சேன் தெரியுமா? கடைசி வரி மட்டும் ஒரு குத்துமதிப்பு."

தாழ்வாரத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் இல்லாமலே அப்பாவுக்குப் பார்வை கிடைத்திருந்தது, வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

அடுத்த வாரம் பேராசிரியரைப் பார்த்துப் பேசி, அன்று பேசாமல் விட்டதற்கு இன்னொரு வாய்ப்பு வாங்கினாள். வகுப்பின் முன்னால் நின்றபோது குரல் நடுங்கத்தான் செய்தது. நடுங்கட்டும் என்று பேசினாள். பாதியில் ஒருவன் கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்டான். பதில் சொல்லும் உற்சாகத்தில் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போன் போட்டாள்.

"பேசிட்டேன்மா!"

"அடி என் தங்கமே! எதைப் பத்திப் பேசினே?"

"தவளையோட இதயத்தைப் பத்தி. அதுக்கு மூணு அறை இருக்கும்மா."

அந்தப் பக்கம் அம்மா அப்பாவைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன்! தவளைக்கு மூணு ரூமாம். நமக்கே ரெண்டுதான்!"