அன்றைக்கும் இருந்த வரி

பசுமலையில் விருமாண்டி வக்கீல் வீட்டில், சோற்றுத் தட்டுக்கு முன்னால் அரசியல் சாசனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதிலும் இருபத்தொன்றாம் பிரிவு என்றால் அவருக்கு உயிர். சட்டத்தின் நெறிப்படி அல்லாமல் யாருடைய உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்கிற ஒரே ஒரு வரி. குடியரசான புதிதில் நீதிபதிகள் அதைக் குறுக்கி வாசித்தார்கள். பின்னால் வந்தவர்கள் விரித்து வாசித்தார்கள். விரித்த காலத்தில் கறுப்புக் கோட்டு மாட்டியவர் விருமாண்டி. விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்த எத்தனையோ ஏழைபாழைகளை அந்த வரியைக் காட்டியே வெளியே கொண்டுவந்தவர்.

இப்போது அந்த மனுஷர் மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வாயில் குழாயோடு கிடக்கிறார். மூளையில் ரத்தக் கசிவு. இனி கண் திறக்கமாட்டார் என்று டாக்டர்கள் கூடிப் பேசிச் சொல்லிவிட்டார்கள். சுவாசக் கருவியை நிறுத்துவதா வேண்டாமா என்பதை மகள் பாண்டீஸ்வரிதான் சொல்ல வேண்டும். அவளும் வக்கீல். சட்டம் அனுமதிக்கிறது என்பது டாக்டரைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, வாய் வரவில்லை.

எல்லாம் அவள் அம்மா முத்துத்தாயில் ஆரம்பித்தது. தொண்ணூற்றாறில் முத்துத்தாய்க்குத் தொண்டையில் புற்று. மூக்கில் செருகிய குழாயைப் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டாள். “என்னைய விட்ருங்க” என்று புருஷனைக் கையெடுத்துக் கும்பிட்டாள். வாழும் உரிமைக்குள் சாகும் உரிமை அடங்காது என்று பெரிய கோர்ட்டு தீர்ப்பு சொல்லியிருந்த வருஷம் அது. விருமாண்டி கிழிந்த வேட்டித் துணியால் அவள் கையைக் கட்டிலோடு கட்டினார். உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடந்தால் சொந்த வயலின் மண்ணைக் கரைத்து வாயில் விடுவது அவர்கள் பக்கத்து வழக்கம். மண்ணாசை தீர்ந்து உயிர் போகும் என்பார்கள். அவருடைய தங்கை சீனியம்மாள் வாடிப்பட்டி வயலிலிருந்து மண் எடுத்துவந்து கரைத்தாள். “இது கொலை, தெரியுமா?” என்று கத்திக் கிண்ணத்தைத் தட்டிவிட்டார் வக்கீல். ஆடியில் படுத்த முத்துத்தாய் கார்த்திகை வரைக்கும் சீரழிந்துதான் செத்தாள்.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்து, கண்ணியமாகச் சாவதும் அந்த வரிக்குள் அடக்கம் என்று அதே கோர்ட்டு சொன்னது. நல்ல தீர்ப்பு வந்தால் இனிப்பு வாங்குவது அந்த வீட்டுப் பழக்கம். பாண்டீஸ்வரி ஜிலேபிப் பொட்டலத்தோடு ஓடிவந்தாள். புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

“வரியில எழுத்து ஏதும் மாத்திருக்காகளா?” என்று கேட்டார் விருமாண்டி.

“இல்லப்பா, அதே வரிதான். அர்த்தத்தைத்தான் விரிச்சிருக்காங்க.”

“அப்ப அது அன்னைக்கும் இருந்திருக்கு.”

ஜிலேபியை அவர் தொடவில்லை. அதற்குப் பிறகு சாசனத்தைத் திறக்கவும் இல்லை. கருவியில் கிடத்த வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கச் சொல்லி மகள் ஒருநாள் கெஞ்சினாள்.

“அவளுக்குக் குடுக்காதது எனக்கு எதுக்கு? மெசினு ஓடுற மட்டும் ஓடட்டும். கெடந்து அனுபவிச்சிட்டுப் போறேன்” என்றார்.

இதை அவளைத் தவிர யாரும் கேட்டதில்லை.

மதியம் சீனியம்மாள் வந்தாள். முந்தானையில் வயல் மண் முடிந்திருந்தது. வாயில் எதுவும் ஊற்றக் கூடாது என்று நர்ஸ் வாசலிலேயே மறித்துவிட்டாள்.

“அன்னைக்கு நான் கரைச்சு ஊத்துனா கொலை. இன்னைக்கு இவுக மெசினை நிறுத்துனா சட்டமா? அதென்ன தாயி, உங்க புத்தகத்துல ஆளுக்கொரு மாதிரி எழுதிருக்கு?”

“எழுத்து ஒண்ணுதான் அத்தை. வாசிக்கிறவங்கதான் மாறுறாங்க.”

“வாசிக்கிறவன் மாறுற மட்டும் கெடக்குறவ என்ன செய்வா?”

பாண்டீஸ்வரி கண்ணாடிக் கதவு வழியே அப்பாவைப் பார்த்தாள். குழாய் ஊதும்போதெல்லாம் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. தனக்குத்தானே ஆயுள் தண்டனை எழுதிக்கொண்ட மனுஷர். போதும், முடிந்தது என்று யாராவது சொல்ல வேண்டாமா?

டாக்டர் கூப்பிட்டார். “சட்டப்படி கேட்டாகணும் மேடம். இதைப் பத்தி அப்பா எப்பவாவது ஏதாவது சொல்லியிருக்காரா?”

“இல்ல” என்றாள் பாண்டீஸ்வரி.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல்கூட அவளைப் பொய்க்காரி என்று சொன்னதில்லை. கையெழுத்துப் போட்டாள். நடக்கவேண்டியதெல்லாம் முறைப்படி நடந்து, சாயங்காலம் அவளை உள்ளே விட்டார்கள். அப்பாவின் காதருகே குனிந்தாள்.

“அம்மா சாவு வேணும்னு கும்பிட்டுக் கேட்டாங்க, நீங்க குடுக்கல. நீங்க வேணாம்னு சொன்னீங்க, நான் குடுத்துட்டேன். ரெண்டு தடவையும் படுத்துக் கெடந்தவங்க பேச்சை நாம கேக்கவே இல்லப்பா.”