குளோசப்பில் வந்த கை

எங்க வீட்டுக்காரர் பேரை நான் வாயால் சொல்லமாட்டேன். அவருக்குத் திருநெல்வேலிச் சாமியின் பேர். அதனால் அந்தச் சாமியைக்கூட 'காந்திமதியம்மன் வீட்டுக்காரர்' என்றுதான் சொல்லிக் கும்பிடுவேன். ஐந்தருவியில் எங்களுக்கு டீக்கடை.

அறுபத்திரண்டாம் வருஷச் சாரலுக்கு மெட்ராஸிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். அருவியில் குளித்துவிட்டு வரும் கதாநாயகனுக்கு டீ கொடுக்க ஓர் ஆள் வேண்டுமாம். உதவி டைரக்டர் இவருடைய சுருட்டை முடியைப் பார்த்து இவரையே பிடித்துக்கொண்டார். மனுஷனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"என் மூஞ்சி படத்துல விழுந்துட்டா இலஞ்சி முருகனுக்கு மொட்டை போடுதேன்" என்று நேர்ந்துகொண்டார்.

கிளாப் அடித்தார்கள். இவர் கிளாஸோடு நடந்தார். இரண்டு டேக் வீண், மூன்றாவது ஓகே. சாரல் இருட்டிக்கொண்டு வரவும் டைரக்டர் 'பேக்கப்' என்றார். அத்தோடு தன் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார் இவர். நேர்ந்ததைத் தள்ளிப்போடக் கூடாதாம், விடிந்ததும் இலஞ்சிக்குக் கிளம்பிவிட்டார்.

தலையில் சந்தனத்தோடு திரும்பி வந்தால், கேமரா எங்கள் கடை வாசலிலேயே நிற்கிறது. உதவி டைரக்டர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்து எடுத்தது லாங் ஷாட்டுய்யா. தூரத்துல எறும்பு மாதிரிதான் தெரிவே. உன் மூஞ்சிக்கு இன்னைக்குத்தான் குளோசப். முடியோட நடந்து வந்தவன் மொட்டைத் தலையோட டீயை நீட்டினா கன்டின்யுட்டி என்னய்யா ஆகும்?"

"முடிதானேய்யா போச்சு. மூஞ்சி அப்படியேதான இருக்கு" என்றார் இவர்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவர் கண்ணைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கடைசியில் டீயை நீட்டுகிற கையை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுவருஷம் தென்காசிக் கொட்டகையில் படம் வந்தது. ஆண்கள் பக்கம் இவர், பெண்கள் பக்கம் நான், நடுவில் தட்டி.

"ஏட்டி, யாருகிட்டயும் சொல்லாத. கையைப் பாத்து எவனுக்கு என்னைத் தெரியப்போவுது" என்று உள்ளே போகும்போதே சொல்லியிருந்தார்.

திரை முழுக்க அந்தக் கை வந்தது. பெருவிரலுக்குக் கீழே கொதிக்கிற பால் கொட்டிய தழும்பு. நான் தேன் தடவித் தடவி ஆற்றிய தழும்பு. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஊரே பார்க்கிறது, யார் கையென்று ஒருத்தருக்கும் தெரியவில்லையே என்று ஆத்திரமாக வந்தது.

"கையைப் பாத்து என்னத்துக்கு அழுத? அது யாரு கை?" என்றாள் பக்கத்தில் இருந்த ரெங்கம்மாள்.

'எங்க வீட்டுக்காரர்' என்றால் கொட்டகைக்கு என்ன விளங்கும்? எழுந்து நின்றேன். தட்டிக்கு அந்தப் பக்கமும் கேட்கும்படி சொன்னேன்.

"நெல்லையப்பன். ஐந்தருவி டீக்கடை நெல்லையப்பன்."