நிரம்பிய ஏரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

1.

இந்தக் கதையை நான் ஆசைப்பட்டு எழுதவில்லை. என் தங்கை கழுத்தில் கத்தி வைக்காத குறையாக எழுதச் சொன்னாள். அவளுக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை. வகுப்பெடுப்பதல்ல, ஊர் ஊராகப் போய், அங்குள்ளவர்கள் தங்கள் தண்ணீரையும் மண்ணையும் தாங்களே சேர்ந்து காப்பாற்றிக்கொள்ளத் துணை நிற்பது. பல்கலைக்கழகத்தின் ஆண்டு மலருக்கு ஒரு வெற்றிக் கதை வேண்டுமாம்.

"அக்கா, உன் கதையில ஒருத்தராச்சும் கடைசி வரைக்கும் நல்லா இருந்திருக்காங்களா? இந்த ஒரு தடவை யாரையும் கொல்லாம எழுதேன்."

சரி என்றேன். என் வாய் சும்மா இருந்தால்தானே.

2.

முதல் தொடக்கம்: "வெடித்துக் கிடந்த ஏரி வானத்தைப் பார்த்து..."

வேண்டாம். ஏரி வேறு எதைப் பார்க்கும்?

இரண்டாவது: "மாடுகளை விற்றுவிடுவது என்று பால்காரம்மா முடிவு செய்தார்."

இது பரவாயில்லை, உண்மையும்கூட. அவர் வீடு கீழ்த்தெருவில். பல வருஷமாக மழை பெய்தும் ஏரி நிரம்பவில்லை. அடுத்த மழைக்கும் நிரம்பாவிட்டால் மாடுகளை விற்றுவிட்டு ஊரைக் காலி செய்வதாக இருந்தார். மேல்தெருக்காரர்கள் தண்ணீரைத் திருடுகிறார்கள் என்பது அவர் கட்சி. மேல்தெருவிலிருக்கும் தையல்காரம்மா அவருக்குச் சொந்த நாத்தனார். இருவருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது.

3.

(என் தங்கை பாத்திரம்மேல் ஒரு சந்தேகம்: கதைக்கு ஆகாத அளவு நல்லவளாக இருக்கிறாள். ஒரு குறை கொடுக்கலாமா என்று யோசித்தேன். தேவைப்படவில்லை. தப்பை அவளே செய்து கொடுத்தாள்.)

ஊர்ப்படத்தை ஊர்க்காரர்களே வரைவதுதான் என் தங்கையின் குழு வேலை செய்யும் முறை. எல்லோரும் ஒரே படத்தைச் சுற்றி உட்கார வேண்டும். இவளோ, கைகலப்பாகிவிடும் என்று பயந்து, இரண்டு தெருக்களையும் பள்ளிக்கூடத்தின் இரண்டு அறைகளில் உட்கார வைத்தாள். தெருவுக்கொரு பழைய பேனர். அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் வரைந்தார்கள்.

முடிந்ததும் தாழ்வாரத்தில் இரண்டையும் சேர்த்து விரித்தால், வாய்க்கால் சேரவில்லை. மேல்தெரு வாய்க்கால் அவர்கள் கடைசி வீட்டோடு நின்றது. கீழ்த்தெரு வாய்க்கால் ஏரிக்குக் கொஞ்சம் முன்னால்தான் தொடங்கியது. நடுவில் ஒன்றுமே இல்லை.

மானம் போச்சு என்று என் தங்கை சுருட்டப் போனாள்.

"இரும்மா," என்றார் தையல்காரம்மா, அவளிடம். "இந்த நடு இடத்தை இவங்க ஏன் போடலேன்னு கேளு."

"அது அவங்க பக்கம், அவங்கதான் போடணும்னு சொல்லு," என்றார் பால்காரம்மா. அவரும் அவளிடம்தான்.

"எங்க பக்கமா? உங்க பக்கம்னுதானே அண்ணி நாங்க இத்தனை வருஷம் அதுல கையே வைக்கலே!"

அண்ணி என்று வாய் தவறி வந்துவிட்டது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

யாரும் எதையும் திருடவில்லை. அந்தத் துண்டு வாய்க்காலை ஒவ்வொருவரும் அடுத்தவருடையது என்று விட்டுவைக்க, முள்ளும் குப்பையும் அடைத்து, மழைத்தண்ணீர் அங்கேயே திரும்பி வீணாகப் போயிருக்கிறது. சண்டை வராமலிருக்க என் தங்கை பாடுபட்டாள். கடைசியில் சண்டைதான் கண்டுபிடித்துக் கொடுத்தது. மறுநாளே இரண்டு தெருவும் மண்வெட்டியும் கையுமாக இறங்கிவிட்டன.

4.

இனி முடிவு. பழக்க தோஷம் யாரை விட்டது?

ஒரு முடிவில், வாய்க்காலை வெட்டியபின் மழை பொய்த்தது. (என் தங்கை படித்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை.) இன்னொன்றில், ஏரி நிரம்பிய அன்றே பால்காரம்மாவின் செவலைப் பசுவைக் கொன்றேன். அருமையாக வந்திருந்தது. போனில் கத்தினாள்.

"அந்த மாடு உனக்கு என்னக்கா பாவம் பண்ணுச்சு? அது குத்துக்கல்லாட்டம் நல்லா இருக்கு. சந்தேகம்னா வந்து பாரு!"

போனேன்.

5.

நிரம்பிவிட்டது! கரையைத் தொட்டுக்கொண்டு தண்ணீர். எழுதும்போதே எனக்குச் சிரிப்பாக வருகிறது. இப்படியொரு வாக்கியத்தை நான் எழுதியதே இல்லை. கரைமேல் அண்ணியும் நாத்தனாரும், மதகை எந்தத் தெரு முதலில் திறப்பது என்று தொண்டை கிழியச் சண்டை போடுகிறார்கள், நேருக்கு நேராக. என் தங்கை விலக்கிவிடவில்லை. பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள்.

வெற்றிக் கதைக்கு ஒரு முடிவு கட்டாயம் என்கிறது மலர்க்குழு. செவலையோ முன்னங்கால் நனைய நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறது. தலையைத் தூக்கக் காணோம். அது குடித்து முடிக்காமல் நான் கதையை முடிக்க மாட்டேன். முடிவு வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள், நீங்களே போய் அதை ஓட்டிவிடுங்கள், பார்க்கலாம்.