மூன்று நாளும் அரை நாளும்

“மாமா, அந்தப் பூச்சிக்கு எம்மேல என்ன கோவம்?”

தொண்டையில் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்த பூவனலிங்கத்திடம் வெள்ளைத்தாய் அப்படிக் கேட்டாள். ஐந்து வயசு. குரல் பாதி காற்றாய்த்தான் வந்தது. கோவில்பட்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைக்கூடத்தில் பதினோரு வருஷமாகச் சளியும் ரத்தமும் பார்க்கிறவர் பூவனலிங்கம். “ஒரு கோவமும் இல்ல தாயி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்துப் புரட்டாசி. கழுத்து இரண்டு பக்கமும் வீங்கியபோது, பொன்னுக்கு வீங்கி என்றே வீட்டில் நினைத்திருக்கிறார்கள். அதற்குக் கழுத்தில் தங்கம் போட்டால் வற்றிவிடும் என்பது ஊர் வழக்கம். தாய் வேலுத்தாயிடம் பொட்டுத் தங்கம் கிடையாது. மழை பொய்த்து இரண்டு வருஷம். பக்கத்து வீட்டு இசக்கியம்மாள் கேட்ட மாத்திரத்தில் தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். மூன்று நாள் அது பிள்ளையின் கழுத்தில் கிடந்தது. நல்ல மனசோடு கொடுத்த சங்கிலிதான். ஆனால் வந்திருந்தது பொன்னுக்கு வீங்கி இல்லை. நான்காம் நாள் தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் படர்ந்து மூச்சை அடைத்தது.

காலை பத்து மணிக்கு மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பச்சைக் குச்சிகள், முனையில் கரும்புள்ளிகள். தொண்டை அடைப்பான் கிருமி. அப்போதே டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பியிருக்க வேண்டும். அவர் கழுகுமலையில் குடும்பக் கட்டுப்பாட்டு முகாமில் இருந்தார்.

அனுப்பவிடாமல் தடுத்தது போன வருஷத்துச் சங்கதி. இதே குச்சிகளை ஒரு பையன் தொண்டையில் கண்டு இவர் ஊரையே கூட்டிவிட்டார். நஞ்சை முறிக்க இருந்த சீரம் மருந்தெல்லாம் அவனுக்கே செலவானது. அவன் தெருவில் ஒருத்தரும் கால் வைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து மதுரைச் சோதனைக்கூடத்திலிருந்து முடிவு வந்தது: அந்தக் கிருமிக்கு நஞ்சு கிடையாது.

அப்போது டாக்டரம்மா விளக்கினார். இந்தக் கிருமிக்குத் தானாக நஞ்சு செய்யத் தெரியாது. ஒரு வைரஸ் அதன் மரபுச் சரட்டுக்குள் தன் துண்டைச் செருகிவிட்டு ஒடுங்கிக் கிடக்கும். கிருமி அந்தத் துண்டையும் தன்னுடையது என்று படித்து, அதில் உள்ளபடியே ஒரு புரதத்தைச் செய்யும். அந்தப் புரதம்தான் நஞ்சு. தொண்டையில் இரும்புச் சத்து அற்றுப்போகும்போது அந்த வேலை மும்முரமாகும். வைரஸ் ஏறாத கிருமியோ சும்மா குடியிருந்துவிட்டுப் போகும். கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே முகம்.

அன்றிலிருந்து கம்பவுண்டர் கிருஷ்ணராஜுக்கு இவர் ஒரு வேடிக்கை. வெள்ளைத்தாய் வந்த அன்றும் சன்னலில் எட்டிப் பார்த்து, “என்ன வே, இன்னைக்கும் ஊரக் கூட்டப்போறீரா?” என்றார்.

பூவனலிங்கம் ஆள் அனுப்பவில்லை. இன்னொரு தடவை சாயம் ஏற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா இரண்டு மணிக்கு வந்து, பிள்ளையின் தொண்டையைப் பார்த்ததுமே சீரத்துக்கு விரட்டினார். இவரே கயத்தாறு வழியாகத் திருநெல்வேலிக்கு ஓடி, ஐஸில் பொதிந்து வாங்கிவந்தபோது விளக்கு வைத்து நேரமாகியிருந்தது.

ஊசி போட்டார்கள். ரத்தத்தில் அலைகிற நஞ்சைத்தான் சீரம் பிடிக்கும். நெஞ்சுக்குள் புகுந்துவிட்டதை இழுத்து வர அதனால் ஆகாது என்று டாக்டரம்மா அப்போதே சொல்லிவிட்டார். ஆனாலும் ஊசி போட்ட ஐந்தாம் நாள் தொண்டையில் படர்ந்த தோல் உரிந்தது. எட்டாம் நாள் வெள்ளைத்தாய் எழுந்து உட்கார்ந்து, சன்னல் வழியாகக் கூட்ஸ் வண்டியின் பெட்டிகளை எண்ணினாள். ஒன்பதாம் நாள் காலையில், தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே இதயம் நின்றுபோனது.

வேலுத்தாய் அழுது ஓய்ந்தபின் இவரிடம் வந்து கும்பிட்டாள்.

“அந்த மூணு நாளுல நாந்தான் எம்பிள்ளையக் கொன்னுட்டேன். நீங்க ஓடுனியளே அண்ணாச்சி, அந்தப் புண்ணியம் ஒங்க பிள்ளையளுக்குச் சேரட்டும்.”

அரை நாள் என்னுடையது என்று சொல்ல வாய் எடுத்தார். பதிலுக்குக் கை கூப்பிவிட்டு நகர்ந்தார். அவள் கும்பிட்ட கும்பிடு அவர் தலைமேல் கடனாக ஏறி உட்கார்ந்தது.

மறுவாரம் அந்த வீட்டில் எல்லாருக்கும் தொண்டையில் பஞ்சு தொட்டு வந்தார். அப்பனுக்குக் கிருமி இல்லை. மூத்தவனுக்கு இல்லை. வேலுத்தாயின் சளி தடவிய கண்ணாடித் துண்டில் பச்சைக் குச்சிகள், கரும்புள்ளிகள். சிறு வயசிலேயே அவள் உடம்பு அந்த நஞ்சுக்குப் பழகியிருக்க வேண்டும். அவளை அது ஒன்றும் செய்யாது. கஞ்சியை ஊதி ஊதி ஆற்றிப் பிள்ளைக்குக் கொடுத்த வாய் அது. அவளிடமிருந்துதான் பிள்ளைக்குப் போனதா, பிள்ளையிடமிருந்து அவளுக்கு வந்ததா, யார் கண்டது? ஆனால் தாயிடமிருந்துதான் போனது என்றே ஊர் சொல்லும். அவளும் அதையேதான் நம்புவாள்.

வழக்கமாகக் கிருமி உள்ளவரை மட்டும் பேர் சொல்லி அழைத்து மாத்திரை கொடுப்பார்கள். பூவனலிங்கம் டாக்டரம்மாவிடம் உள்ளதைச் சொல்லி, வீட்டில் மூன்று பேருக்குமே எழுதி வாங்கினார். ஏன் என்று அவர் கேட்கவில்லை. பத்து நாளும் சைக்கிளில் போய், மூன்று பேரும் விழுங்குவதை நின்று பார்த்தார்.

ஒருநாள் வேலுத்தாய் கேட்டாள். “யாருக்கு இருந்துச்சு அண்ணாச்சி?”

“வீட்டோட எல்லாரும் சாப்பிடணும்மா. நாள் தவற விட்றாதீய.”

பிறகு அவள் தொண்டையில் இரண்டு தடவை பஞ்சு தொட்டு எடுத்துப் பார்த்தார். இரண்டிலும் கிருமி இல்லை. முதல் முடிவை எழுதாமல் விட்டிருந்த பதிவேட்டில், அவள் பேருக்கு நேராக ‘இல்லை’ என்று எழுதினார். அது உண்மைதான்.

மத்தியானம். சோதனைக்கூடத்தில் வேறு யாரும் இல்லை. கிருமி தெரிந்த வேலுத்தாயின் முதல் கண்ணாடியை எடுத்து, கிருமி கொல்லும் லைசாலில் போட்டார். ஊறியதும் சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினார். பச்சைச் சாயம் நீரோடு போயிற்று. துணியால் துடைத்து, வெளிச்சத்தில் ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, மற்றக் கண்ணாடிகளோடு அடுக்கி வைத்தார்.